பதினோராம் நாளில் வழுக்குவது ஏன்?

கேள்வி: "வயது 38. 16 ஆண்டுகளாகப் புகைக்கிறேன், நாளொன்றுக்கு 15 சிகரெட். மூன்று முறை விட்டுப் பார்த்துவிட்டேன். மூன்றும் 11 நாளைத் தாண்டவில்லை. ஆசை வந்துவிட்டால் கையும் ஓடுவதில்லை, காலும் ஓடுவதில்லை. வீட்டில் எல்லோர்மீதும் எரிந்து விழுகிறேன். எனக்கு மனவுறுதியே கிடையாதா? அந்த நேரத்தை எப்படித்தான் கடப்பது?"

மனவுறுதியைப் பற்றிய சந்தேகத்தை முதலில் ஓரம் கட்டிவிடுவோம். புகையை விடுபவருக்கு மிகக் கொடுமையானவை முதல் மூன்று நாட்கள். அந்த மூன்று நாட்களை நீங்கள் மூன்று முறை கடந்திருக்கிறீர்கள். உறுதி இல்லாதவரால் அது ஒருமுறைகூட முடியாது. உங்கள் கேள்வியில் நான் பிடித்துக்கொண்ட எண் 11. நிகோடின் உடம்பில் தங்குவது கொஞ்ச நேரம்தான். இரண்டு மணி நேரத்தில் பாதியாகக் குறைந்துவிடும், இரண்டொரு நாளில் ரத்தத்தில் அநேகமாக எதுவும் மிஞ்சாது. அப்படியென்றால் பதினோராம் நாள் உங்களைக் கடைப்பக்கம் இழுத்துக்கொண்டு போனது எது?

நானும் 19 ஆண்டுகள் புகைத்தவன். விட்டு 12 ஆண்டுகள் ஆகின்றன. அதற்குப் பிறகு விட முயல்பவர்களோடு உட்கார்ந்து பேசுவதே என் வேலையாகிவிட்டது. என்னிடம் வருபவர்களில் பாதிப்பேருக்கு மேல் இந்தக் கேள்வியோடுதான் வருகிறார்கள், நாட்கணக்கு மட்டும் மாறும்.

ஒரு சின்னக் கணக்குப் போடுவோம். ஒரு சிகரெட்டுக்குப் பத்து இழுப்பு என்று வையுங்கள். நாளுக்கு 15 என்றால் 150 இழுப்பு. 16 ஆண்டுகளுக்கு ஏறத்தாழ எட்டே முக்கால் லட்சம் இழுப்பு. ஒவ்வொரு இழுப்பிலும் நிகோடின் நுரையீரல் வழியாகச் சில நொடிகளில், அதிகம் போனால் இருபது நொடிக்குள், மூளைக்குப் போய்விடுகிறது. அங்கே அது வந்து ஒட்டுவதற்கென்று இருக்கும் ஏற்பிகளைத் தட்டுகிறது, மூளைக்குச் சுகத்தைச் சொல்லும் டோபமைன் என்ற வேதிப்பொருள் சுரக்கிறது. அந்த நொடியில் நீங்கள் என்ன செய்துகொண்டிருந்தீர்களோ அதையும் மூளை சேர்த்தே எழுதி வைத்துக்கொள்கிறது: கையில் தொலைபேசி, எதிரில் தேநீர்க் கோப்பை, மேலதிகாரியிடம் வாங்கிய திட்டு, மழை. எட்டே முக்கால் லட்சம் முறை எழுதிய பாடம் அது. வேறு எந்தப் பாடத்தையும் நீங்கள் இத்தனை முறை படித்திருக்க மாட்டீர்கள்.

ஆக, உங்களுக்குக் கடன்காரர்கள் இரண்டு பேர். முதலாமவன் உடம்பு. கடைசி சிகரெட்டுக்குப் பிறகு சில மணி நேரத்திலேயே கதவைத் தட்டுவான், இரண்டாம் மூன்றாம் நாளில் கூச்சல் போடுவான், இரண்டிலிருந்து நான்கு வாரத்துக்குள் ஓய்ந்துவிடுவான். எரிச்சல், தூக்கக் கோளாறு, கவனம் சிதறுவது, ஓயாத பசி எல்லாம் அவன் கைங்கரியம். நீங்கள் எரிந்து விழுவது இதனால்தான். குணக்கேடு என்று வீட்டார் நினைத்துக்கொள்வதற்கு முன்னால், "இன்ன தேதியிலிருந்து இரண்டு வாரம் நான் சிடுசிடுப்பேன், பொறுத்துக்கொள்ளுங்கள்" என்று நீங்களே சொல்லிவிடுங்கள். முன்கூட்டிச் சொன்ன வீட்டில் சண்டை பாதியாகக் குறைவதை நான் பார்த்திருக்கிறேன். இன்னொன்று: புகைப்பவரின் மூளையில் அந்த ஏற்பிகளின் எண்ணிக்கையே கூடியிருக்கும். அவை பழைய அளவுக்குத் திரும்ப 6 முதல் 12 வாரம் ஆகிறது என்று மூளையைப் படமெடுத்துப் பார்த்த ஆய்வுகள் சொல்கின்றன. பதினோராம் நாளில் அவை இன்னும் வாயைத் திறந்துகொண்டுதான் இருக்கின்றன.

இரண்டாமவன் பழக்கம். இவன் கூச்சல் போடமாட்டான். ஒரு வாரம், ஒரு மாதம், ஒரு வருடம் பேசாமல் இருந்துவிட்டு, நல்ல நேரம் பார்த்துத் தோளில் கை போடுவான். பெரும்பாலானவர்கள் முதலாமவனோடு மல்லுக்கட்டித் தோற்பதில்லை. இவனோடு சிரித்துப் பேசிக்கொண்டிருக்கும்போது வழுக்கிவிடுகிறார்கள்.

இவனைப் பிடிக்க ஒரு வழி உண்டு. விடுவதற்கு முன்னால் நான்கு நாட்கள் வழக்கம்போலவே புகையுங்கள். சிகரெட் பெட்டியைச் சுற்றி ஒரு துண்டுத்தாளை வைத்து ரப்பர் வளையம் போடுங்கள். ஒவ்வொன்றை எடுக்கும்போதும் வளையத்தைக் கழற்றி, மணி எத்தனை, எங்கே, யாரோடு, எவ்வளவு வேண்டியிருந்தது என்று பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் ஒரு மதிப்பெண்ணோடு எழுதுங்கள். எழுதிவிட்டுப் பற்றவையுங்கள். வேடிக்கையாகத் தோன்றும். லாரி ஓட்டும் ஒருவர் இதைச் செய்துகொண்டு வந்தார். தாளெல்லாம் மசிக்கறை. ஒரே நாளில் 17 வரிகள். அவற்றில் எட்டுக்கு மேல் மதிப்பெண் நான்குக்குத்தான்: எழுந்தவுடன் ஒன்று, சாப்பிட்டபின் ஒன்று, வண்டியை நிறுத்தியதும் ஒன்று, படுக்கும்முன் ஒன்று. ஏழு வரிகளில் இரண்டோ அதற்குக் கீழோ. ஒரு வரியில் காரணம் இப்படி இருந்தது: "லைட்டர் கையில் இருந்தது." அதைத் தானே வாசித்துவிட்டு வெகுநேரம் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். 17 எதிரிகள் என்று நினைத்து வந்தவருக்கு நான்குதான் என்று தெரிந்தது.

அந்த நான்குக்குத்தான் ஏற்பாடு வேண்டும். மற்றவை லைட்டரும் பெட்டியும் சாம்பல் கிண்ணமும் வீட்டை விட்டுப் போனாலே பாதி உதிர்ந்துவிடும். எழுந்தவுடன் முதல் சிகரெட் என்றால் எழும் வரிசையையே கலைத்துவிடுங்கள்: முதலில் குளியல், பிறகுதான் மற்றதெல்லாம். சாப்பிட்டபின் என்றால் கடைசிக் கவளத்தோடு எழுந்து பல் துலக்கப் போங்கள். எப்போதும் நிற்கும் இடத்தில் நிற்காதீர்கள், அங்கே உட்காரும் நாற்காலியைக்கூட மாற்றிப் போடுங்கள். மூளை அடையாளம் வைத்திருப்பது இடத்தையும் நேரத்தையும்தான்; முகவரி மாறினால் தபால் தடுமாறும்.

சரி, அத்தனையும் செய்தபிறகும் தவிப்பு வந்து நிற்கிறது. அந்த நிமிடத்தில் என்ன செய்வது?

கடிகாரத்தைப் பாருங்கள். சும்மா சொல்லவில்லை, நிஜமாகவே பாருங்கள். புகைக்காவிட்டால் இந்த ஆசை ஏறிக்கொண்டே போய்த் தலையை வெடிக்க வைத்துவிடும் என்றுதான் எல்லோரும் பயப்படுகிறார்கள். அது அப்படி ஏறுவதில்லை. எழும், உச்சிக்குப் போகும், இறங்கும். பெரும்பாலும் மூன்றிலிருந்து ஐந்து நிமிடம். நீங்கள் புகைத்தாலும் இறங்கும், புகைக்காவிட்டாலும் இறங்கும். புகைத்தவர் அடுத்ததற்கும் சேர்த்து விதை போட்டுவிடுகிறார், அதுதான் வித்தியாசம். ஆலன் மார்லட் என்ற அமெரிக்க உளவியலாளர் இதை அலைக்கு ஒப்பிட்டு, அதோடு மோதாமல் அதன்மேல் மிதந்து கடப்பதை ஒரு பயிற்சியாகவே கற்றுக்கொடுத்தார். "வேண்டாம், வேண்டாம்" என்று மனத்துக்குள் கத்துவதைவிட, அது உடம்பில் எங்கே இருக்கிறது என்று தேடுவது மேல். சிலருக்குத் தொண்டைக்குழி, சிலருக்கு மார்புக்கூட்டின் கீழே ஒரு வெறுமை, சிலருக்குத் தாடை இறுகும். எனக்கு நாக்கின் அடியில் நமநமவென்று ஊறும். கூடவே வலது கை சட்டைப் பைக்குப் போகும். விட்டு ஐந்து மாதம் ஆன பிறகும் தொலைபேசி மணி அடித்தால் கை தானாகப் பைக்குப் போய், துணியைத் தடவிவிட்டுத் திரும்பும். ஒருநாள் அதைக் கவனித்துச் சிரித்துவிட்டேன். அதற்குப் பின் அது குறைந்தது.

சும்மா கவனித்துக்கொண்டிருக்க முடியாதவர்கள் எழுந்து வேகமாக நடக்கலாம். சில நிமிட நடையே அந்த நேரத்து ஆசையைத் தணிக்கிறது என்பது சோதனைகளில் திரும்பத் திரும்பப் பார்த்த விஷயம். தண்ணீரை ஒரே மூச்சில் குடிக்காமல் மடக்கு மடக்காகக் குடிக்கலாம். ஆழ்ந்து மூச்சு விடுவதைப் பலர் ஏளனம் செய்கிறார்கள். ஆனால் சிகரெட் இழுக்கும்போது நீங்கள் செய்ததும் பாதி அதுதான்: வேலையை நிறுத்திவிட்டு, வெளியே வந்து, நீளமாக மூச்சை இழுத்து விட்டீர்கள். அந்த இடைவேளையைப் பறிகொடுக்காதீர்கள், புகையை மட்டும் கழித்துக்கொள்ளுங்கள்.

"டென்ஷனுக்கு வேறு வழி இல்லையே" என்பார்கள். நானும் சொன்னவன்தான். முந்தைய சிகரெட்டின் நிகோடின் இறங்கும்போது ஒரு பதற்றம் வருகிறது. அடுத்த சிகரெட் அந்தப் பதற்றத்தைத் தீர்க்கிறது. நாம் சிகரெட்டுக்கு நன்றி சொல்கிறோம். முள்ளைக் குத்தியவனே எடுத்தும் விட்டால் கும்பிடு போடுகிற கதை. புகையை விட்டவர்களையும் தொடர்ந்தவர்களையும் ஒப்பிட்ட ஆய்வுகளைத் திரட்டி 2014-இல் வந்த ஒரு கட்டுரையில், விட்டவர்களுக்குப் பதற்றமும் மனச்சோர்வும் குறைந்திருந்தன, கூடவில்லை.

இதில் பலரும் கோட்டைவிடும் இடம் ஒன்று உண்டு: காபி. புகையில் உள்ள சில பொருட்கள் கல்லீரலின் ஒரு நொதியை முடுக்கிவிடுகின்றன. அதே நொதிதான் காபியின் கஃபீனையும் சிதைக்கிறது. புகையை நிறுத்தினால் நொதி நிதானத்துக்கு வந்துவிடும். நீங்கள் குடிக்கும் அதே நான்கு கோப்பை, இப்போது ரத்தத்தில் கிட்டத்தட்ட இரட்டிப்பாகத் தங்கும். கை நடுக்கம், படபடப்பு, நடு இரவில் விழிப்பு என்று நிகோடின் மேல் பழி போட்டுக்கொண்டிருப்போம். பாதி வேலை காபியுடையது. முதல் வாரத்தில் காபியைப் பாதியாக்குங்கள். இதே காரணத்தால் குளோசபின், ஓலன்சபின், தியோஃபிலின் போன்ற மருந்துகள் சாப்பிடுபவர்கள் விடும் தேதியை மருத்துவரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும், அளவை அவர் மாற்ற வேண்டியிருக்கும்.

மருந்துக்கு வருகிறேன். மருந்தின் துணையோடு விடுவதை ஏதோ காப்பியடித்துத் தேர்வு எழுதியதைப் போல நினைப்பவர்கள் இருக்கிறார்கள். எந்த உதவியும் இல்லாமல் விடுபவர்களில் ஆறு மாதமோ ஒரு வருடமோ தாக்குப்பிடிப்பவர்கள் நூற்றுக்கு மூன்றிலிருந்து ஐந்து பேர்தான். இது தெரிந்தும் வெறுங்கையோடு போருக்குப் போவதில் எனக்கு எந்தப் பெருமையும் தெரியவில்லை.

நிகோடின் சூயிங்கம் பிறந்த கதை எனக்குப் பிடிக்கும். 1960-களில் ஸ்வீடனில், நீர்மூழ்கிக் கப்பலுக்குள் புகைக்க முடியாத மாலுமிகள் மெல்லும் புகையிலைக்கு மாறிச் சமாளித்ததைக் கவனித்த கிளாஸ் லுண்ட்கிரென் என்ற மருத்துவர், மருந்து நிறுவனத்தில் இருந்த தம் நண்பர் ஓவ ஃபெர்னோவுக்கு எழுதினார். வாய் வழியாக நிகோடினைக் கொடுத்துப் புகையைத் தவிர்க்க முடியுமானால் என்ன என்பது யோசனை. ஃபெர்னோ அதைச் சூயிங்கமாக்கினார். அதன் அடிப்படை இன்றும் செல்லும்: உங்களைக் கட்டிப்போடுவது நிகோடின், கொல்வது பெரும்பாலும் புகை. தாரும் கார்பன் மோனாக்சைடும் இல்லாமல் நிகோடினை மட்டும் கொஞ்ச காலம் கொடுத்துப் படிப்படியாக இறக்குவது இந்த வைத்தியம்.

"சூயிங்கம் போட்டேன், வேலைக்கு ஆகவில்லை" என்பவர்களிடம் எப்படி மென்றீர்கள் என்று கேட்பேன். சாதாரண சூயிங்கத்தைப் போல அசை போட்டிருப்பார்கள். அப்படிச் செய்தால் நிகோடின் எச்சிலோடு வயிற்றுக்குப் போய் விக்கலும் குமட்டலும்தான் மிஞ்சும். மெதுவாகச் சில முறை மென்று, காரம் போன்ற ஒரு சுருக்கு வந்ததும் கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவே ஒதுக்கிவிட வேண்டும். சுருக்கு அடங்கியதும் மறுபடி சில மெல்லல், வேறு இடத்தில் ஒதுக்கல். அரை மணி நேரம் இப்படி. அதற்குக் கால் மணி முன்பிருந்தே காபி, பழச்சாறு, குளிர்பானம் வேண்டாம். புளிப்பு, நிகோடின் உள்ளே இறங்குவதைக் கெடுத்துவிடும். கண் விழித்த அரை மணிக்குள் முதல் சிகரெட் பிடிப்பவருக்கு 4 மில்லிகிராம், மற்றவருக்கு 2. தோலில் ஒட்டும் பேட்ச் நாள் முழுக்க ஒரு சீரான அளவைத் தரும், திடீர் தவிப்புக்குச் சூயிங்கம். இரண்டையும் சேர்த்துப் பயன்படுத்துவது ஒன்றை மட்டும் நம்புவதைவிட நல்ல பலன் தருகிறது. நான் பார்த்த தோல்விகளில் பல, அளவு கூடியதால் வந்தவை அல்ல. பயந்து பயந்து குறைவாகப் போட்டு, மூன்றே வாரத்தில் நிறுத்தியதால் வந்தவை.

மாத்திரைகளில் வாரெனிக்ளின் முக்கியமானது. 2006-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. ஏற்பியில் பாதி அழுத்தமாக உட்கார்ந்துகொண்டு தவிப்பைக் குறைக்கும். மேலே புகைத்தாலும் பழைய சுகம் வராது. விடும் நாளுக்கு ஒரு வாரம் முன்பே தொடங்கி, வழக்கமாக 12 வாரம். குமட்டலும் விசித்திரக் கனவுகளும் வரலாம். மனநிலையைக் கெடுக்கும் என்ற அச்சம் நெடுநாள் இருந்தது. 8,000 பேருக்கு மேல் பங்கேற்று 2016-இல் வெளியான பெரிய சோதனையில் அந்த ஆபத்து குறிப்பிடத்தக்க அளவில் கூடவில்லை. பூப்ரோபியான் என்று இன்னொன்று உண்டு, வலிப்பு வரலாறு உள்ளவர்களுக்கு ஆகாது. எது உங்களுக்கு என்பதை மருத்துவர் முடிவு செய்யட்டும், குறிப்பாக இதய நோயோ கர்ப்பமோ இருந்தால். மின் சிகரெட்டுக்குத் தாவியவர்களில் சிலர் சிகரெட்டை விட்டிருக்கிறார்கள், உண்மைதான். பலர் இரண்டையும் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறார்கள். நானாக அதைச் சொல்ல மாட்டேன்.

மெல்ல மெல்லக் குறைப்பதா, ஒரே வெட்டாக வெட்டுவதா? ஏறத்தாழ 700 பேரை இரண்டாகப் பிரித்து இங்கிலாந்தில் நடத்திய ஆய்வில், ஒரே நாளில் நிறுத்தியவர்களில் 49 சதவீதமும் படிப்படியாகக் குறைத்தவர்களில் 39 சதவீதமும் நான்காம் வாரத்தில் புகையின்றி இருந்தார்கள். தேதி குறித்து நிறுத்துங்கள். "ஒன்றே ஒன்றோடு நிறுத்திக்கொள்கிறேன்" என்ற பேரமும் வேண்டாம்: நாளுக்கு ஒரு சிகரெட் பிடித்தாலே இருபது பிடிப்பவரின் கூடுதல் இதய ஆபத்தில் பாதியளவு வந்துவிடுகிறது.

எடை கூடும், முதல் ஆண்டில் சராசரியாக நான்கைந்து கிலோ. இருமல் கொஞ்ச நாள் அதிகமாகலாம், வாயில் புண் வரலாம், மலச்சிக்கல் வரலாம். எல்லாம் போய்விடும். விட்ட முதல் மாதத்திலேயே பட்டினி கிடந்து எடையையும் சரிசெய்யப் பார்க்காதீர்கள். ஒரே நேரத்தில் இரண்டு போர்கள் வேண்டாம்.

இப்போது பதினோராம் நாள். முதல் வாரம் முழுக்க நீங்கள் காவல் காத்தீர்கள். நண்பர்களைத் தவிர்த்தீர்கள், மதுவைத் தொடவில்லை, வீட்டுக்கு நேரே வந்தீர்கள். பத்தாம் நாள் நன்றாகத் தூங்கினீர்கள். பதினோராம் நாள் உடம்பு லேசாக இருக்கிறது, மனத்தில் ஒரு பூரிப்பு, "ஜெயித்துவிட்டேன்" என்ற எண்ணம். காவலாளி வீட்டுக்குப் போய்விட்டான். அந்த மாலையில் யாரோ பெட்டியை நீட்டுகிறார்கள். "ஒன்றில் என்ன ஆகிவிடப் போகிறது, நம்மால்தான் விட முடியுமே" என்று எடுக்கிறீர்கள். நான் கேட்ட பதினோராம் நாள் கதைகளில் முக்கால்வாசி இப்படித்தான், துக்கத்தில் தொடங்கியவை குறைவு.

அந்த ஒன்றைவிட மோசமானது அதற்குப் பின் வரும் மணி நேரம். "போச்சு, எல்லாம் போச்சு, நான் இவ்வளவுதான்" என்று முழுப் பெட்டியையும் வாங்கிவிடுகிறோம். மார்லட் இந்த மனநிலையையும் தனியாக ஆராய்ந்தவர். ஒரு முறை வழுக்குவது வேறு, விழுந்த இடத்திலேயே குடியிருப்பது வேறு. ஓர் இழுப்புகூட இல்லை என்பதுதான் விதி, அதில் தளர்வு வேண்டாம். ஆனால் விதி உடைந்துவிட்டால் மிச்சத்தைக் குழாயடியில் நனைத்துப் பிசைந்து போட்டுவிட்டு, அன்றைக்கே பேட்சை மறுபடி ஒட்டுங்கள். எங்கே, யாரோடு, எத்தனை மணிக்கு என்று அதே தாளில் ஒரு வரி எழுதுங்கள்.

புகையில்லாமல் ஒவ்வொரு காட்சியையும் ஒருமுறையாவது கடந்தாக வேண்டும். முதல் தேநீர், முதல் நெடும்பயணம், முதல் சண்டை, முதல் கொண்டாட்டம். கடந்த காட்சி அடுத்த முறை பாதி பலத்தோடுதான் வரும். ஆனால் சில காட்சிகள் ஆண்டுக்கொரு முறை வருபவை, சில வாழ்நாளில் ஒருமுறை. நான் விட்டுப் பதினான்காம் மாதம் என் அப்பா இறந்தார். நள்ளிரவு, மருத்துவமனை வாசல். உறவுக்காரர் ஒருவர் ஒன்றும் பேசாமல் பெட்டியை நீட்டினார். கை எடுத்துக்கொண்டது, உதட்டுக்கும் போய்விட்டது. அவர் தீக்குச்சியைக் கிழித்துக் கையால் அணைவு கட்டி அருகில் கொண்டுவந்தார். புகையிலையின் அந்தப் பச்சை மணம், பற்றவைப்பதற்கு முன்னால் வருமே, அது மூக்கில் ஏறியது. ஒரு வருடமாக நாக்கின் அடியில் வராத ஊறல் வந்தது. குச்சி அவர் விரலைச் சுட்டு அணைந்தது. அடுத்ததைக் கிழிக்க அவர் தடவிக்கொண்டிருந்த நேரத்தில், வாசல் சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தேன். பழக்கதோஷம். சிகரெட்டை அவர் பெட்டியிலேயே திரும்பச் செருகிவிட்டு உள்ளே போய் அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

38 வயதில் விடுவதற்குப் பலன் உண்டா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் பலரும் கேட்பார்கள். ரிச்சர்ட் டால் என்ற ஆங்கிலேய மருத்துவ ஆய்வாளர் பிரிட்டிஷ் மருத்துவர்களை 1951 முதல் ஐம்பது ஆண்டுகள் பின்தொடர்ந்தார். முடிவுகள் 2004-இல் வந்தன. தொடர்ந்து புகைத்தவர்கள் சராசரியாகப் பத்து ஆண்டுகள் முன்பே இறந்தார்கள். 60 வயதில் விட்டவர்கள் மூன்று ஆண்டுகளையும், 50-இல் விட்டவர்கள் ஆறையும், 40-இல் விட்டவர்கள் ஒன்பதையும் மீட்டுக்கொண்டார்கள். டாலும் புகைத்தவர்தான், நுரையீரல் புற்றுநோய் பற்றிய தம் முதல் ஆய்வின் கணக்குகள் எங்கே போகின்றன என்று தெரிந்ததும் விட்டுவிட்டார்.

இன்றைக்கே தாளைச் சுற்றி ரப்பர் வளையத்தைப் போட்டுவிடுங்கள். நான்கு நாள் கழித்து விடும் தேதியைக் குறியுங்கள். வாரெனிக்ளின் தொடங்குவதானால் இன்னும் சில நாள் தள்ளிக்கொள்ளுங்கள். அதிலிருந்து பதினோராம் நாள் எந்தக் கிழமையில் வருகிறது என்று பாருங்கள். அன்று மாலை எங்கே இருப்பீர்கள், யாரோடு இருப்பீர்கள் என்பதை இப்போதே அதே தாளின் பின்பக்கத்தில் எழுதி, ஒரு சூயிங்கத்தை அதோடு மடித்துச் சட்டைப் பையில் வையுங்கள். கை அங்கேதான் போகும்.